விருதுநகர் பக்கம் புது குடோன்: 20,000 சதுர அடி போதுமா? ரேக் எத்தனை அடுக்கு, டாக் (லாரி ஒட்டி நின்று சரக்கு ஏற்றி இறக்கும் மேடை வாசல்) எத்தனை?

மண்டித்தெரு கேட்டது:

மளிகை, எண்ணெய், சோப்பு, பிஸ்கட் என்று கலந்த மொத்த வியாபாரம். விருதுநகர் பஜாருக்குள் மூன்று வாடகை குடோன், எல்லாம் சேர்த்து 14,000 சதுர அடி. பகலில் லாரி உள்ளே வர முடியாது. ஒரு குடோனில் இல்லாத சரக்கை இன்னொன்றிலிருந்து தள்ளுவண்டியில் கொண்டுவந்துதான் லைன் வண்டி (ஊர் ஊராகக் கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் வண்டி) ஏற்றுகிறோம். நால்வழிச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே 1.75 ஏக்கர் சொந்த இடம் இருக்கிறது, கரிசல் மண். அங்கே ஒரே குடோனாகக் கட்டி சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, ராஜபாளையம், திருமங்கலம் லைன் எல்லாவற்றையும் அங்கிருந்தே அனுப்ப நினைக்கிறோம்.

விவரம்: அயிட்டம் 1,400. தினமும் வெளியே போவது மூட்டை, பெட்டி, டின் எல்லாம் சேர்த்து சராசரி 1,800 உருப்படி, 32 டன் வாக்கில். இருப்பு 18 நாள். தீபாவளி, பொங்கல் சமயம் இருப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறும். வருஷம் 12 சதவீத வளர்ச்சி. சரக்கு இறங்குவது தினம் ஒரு பத்துச் சக்கர லாரி மூட்டை, மூன்று கம்பெனி வண்டி. அதில் ஒன்று 32 அடி கன்டெய்னர். ஏற்றுவது 22 வண்டி: 14 டாடா ஏஸ், 8 டாடா 407.

ஷெட்காரர் கொடுத்த பிளான்: 20,000 சதுர அடி, பக்கவாட்டு உயரம் 20 அடி, நாலடி பிளிந்த் (தரைமேடை உயரம்), முன்பக்கம் முழுக்க வரிசையாக 8 ஷட்டர். தரை 150 மி.மீ, எம்20 (வலிமைத் தரம்) கான்கிரீட். இதில் எது சரி, எது தப்பு?

---

பேலட்கணக்கு எழுதியது:

சதுர அடியிலிருந்து தொடங்கினால் கணக்கு தப்பும் அண்ணாச்சி. எத்தனை பேலட் (சரக்கை அடுக்கி அப்படியே தூக்கும் தட்டு) நிற்க வேண்டும் என்பதிலிருந்து வாங்க.

முதல் எச்சரிக்கை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. 1,800 உருப்படி, 18 நாள் என்றால் 32,400 உருப்படி இருப்பு. அதை 1,400 அயிட்டத்துக்கு வகுத்தால் அயிட்டத்துக்கு 23 உருப்படிதான். ஒரு பேலட்டில் சராசரி 40 உருப்படி ஏறும். அதாவது உங்கள் அயிட்டங்களில் பெரும்பாலானவை ஒரு முழுப் பேலட்டைக்கூட நிரப்பாது. எல்லாவற்றுக்கும் பேலட் ரேக் போட்டால் பாதி ரேக்கில் ஏழெட்டுப் பெட்டியும் மேலே காற்றும்தான் இருக்கும். ஷெட்காரரும் ரேக்காரரும் இதைச் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கு ரேக் கூடினால் நல்லதுதானே.

அதனால் டாலி கணக்கு மென்பொருளிலிருந்து ஒரு வருஷ விற்பனையை அயிட்டம் வாரியாக எடுத்து, ரூபாயில் அல்லாமல் உருப்படி எண்ணிக்கையில் பெரியதிலிருந்து சிறியதுக்கு வரிசைப்படுத்துங்கள். ரூபாயில் வரிசைப்படுத்தினால் ஏலக்காய் மேலே வந்துவிடும். அதற்கு ஒரு அலமாரி போதும். மேலிருந்து எத்தனை அயிட்டத்தில் 75-80 சதவீதம் முடிகிறது என்று சொல்லுங்கள், மீதியைக் கணக்கிட்டுத் தருகிறேன்.

---

மண்டித்தெரு:

எடுத்துவிட்டேன். 160 அயிட்டத்தில் 78 சதவீதம் முடிகிறது. மீதி 1,240 அயிட்டம் சேர்ந்து 22 சதவீதம்.

---

பேலட்கணக்கு:

நல்லது. இருப்பும் அதே விகிதத்தில்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஓடும் 160 அயிட்டம்: 32,400-இல் 78 சதவீதம் 25,272 உருப்படி. பண்டிகைக்கு 1.3 மடங்கு, 32,850. ஒரு பேலட்டுக்கு 40 என்றால் 821 பேலட். ஒவ்வொரு அயிட்டத்திலும் உடைந்த பேலட் ஒன்று எப்போதும் இருக்கும், அதற்கு அரை அரையாக 80 சேர்த்து 901. ரேக் 85 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் வந்த சரக்கை வைக்க இடம் தேடியே நேரம் போகும். ஆகவே 901-ஐ 0.85-ஆல் வகுக்க 1,060 இடம். 12 சதவீத வளர்ச்சி மூன்று வருஷத்துக்கு 1.4 மடங்கு. சுற்றி 1,500 பேலட் இடம். அதற்கு மேல் வளர்ந்தால் ஷெட்டை நீட்டிக்கொள்ளலாம். கோடிச் சுவரைச் செங்கல்லில் கட்டாமல் கழற்றக்கூடிய ஷீட்டாக வைத்து, அந்தக் கோடிச் சட்டத்தையும் நடுச் சட்டத்தின் பலத்தோடே செய்யச் சொல்லுங்கள்.

இப்போது உயரம். 1200க்கு 1000 மி.மீ பேலட், 1000 பக்கம் பாதையைப் பார்த்து. பேலட்டோடு சேர்த்து சரக்கு 1.4 மீட்டர், பீமுக்கும் கைவைக்கும் இடைவெளிக்கும் சேர்த்து ஒரு அடுக்குக்கு 1.65 மீட்டர். கீழே ஒன்று, மேலே இரண்டு என்றால் உச்சி 4.7 மீட்டர். கீழே ஒன்று, மேலே மூன்று என்றால் 6.35. அதற்கு மேல் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளருக்கு 0.9 மீட்டர் விட வேண்டும். ஷெட்காரர் சொன்ன 20 அடியில் மூன்று அடுக்குதான் நிற்கும். 26 அடியில் நான்கு.

இரண்டு வரிசை முதுகோடு முதுகு, ஒரு பாதை என்பது ஒரு அலகு. 1.2 + 0.2 + 1.2 மீட்டர் ரேக், ரீச் டிரக் (குறுகிய பாதையில் பேலட்டை உயரத் தூக்கி வைக்கும் வண்டி) ஓட 2.9 மீட்டர் பாதை, மொத்தம் 5.5. ஒரு கட்டம் நீளவாக்கில் 2.4 மீட்டர். இந்த 13.2 சதுர மீட்டரில் மூன்று அடுக்கானால் 12 பேலட், நான்கு அடுக்கானால் 16. ஆக 1,500 பேலட்டுக்கு 20 அடி ஷெட்டில் 17,750 சதுர அடி, 26 அடி ஷெட்டில் 13,300 சதுர அடி. ஆறடி தூக்குவதால் 4,400 சதுர அடி தரையும் கூரையும் மிச்சம். உயரத்துக்கு ஆகும் கூடுதல் இரும்பு அதைவிடக் குறைவுதான்; இருந்தாலும் ஷெட்காரரிடம் இரண்டுக்கும் தனித்தனி கொட்டேஷன் வாங்குங்கள்.

மீதி 1,240 அயிட்டத்துக்குப் பேலட் வேண்டாம். சாதாரண ஸ்லாட்டட் ஆங்கிள் அலமாரி, கைக்கெட்டும் உயரம், அதன் தலைக்கு மேல் நடைமேடை போட்டு இரண்டாம் தட்டு. 4,000 சதுர அடியில் அடங்கும். கீழ்த் தட்டில் கனமானது, மேல் தட்டில் பேஸ்ட், ஷாம்பு சரம், பிளாஸ்டிக் சாமான்.

இறக்கிச் சரிபார்க்கவும், லைன் வாரியாக எடுத்து அடுக்கி வைக்கவும் 4,500. ஆபீஸ், ரிட்டர்ன் சரக்கு, பேட்டரி சார்ஜ் இடம் 1,500. கூட்டினால் 23,300. ஆக 24,000 சதுர அடி, 26 அடி உயரம். 36 மீட்டருக்கு 62 மீட்டர் வைத்துப் பாருங்கள். நடுவில் தூண் வந்தால் அது பாதையில் விழாமல் ரேக் முதுகுச் சந்தில் விழும்படி ரேக் வரைபடத்தை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஷெட் தூணைக் குறியுங்கள். தூண் விழும் சந்தை மட்டும் அகலப்படுத்த வேண்டும், 20 செ.மீ-இல் தூண் நுழையாது. இங்கே பலரும் ஷெட்டைக் கட்டிவிட்டு ரேக்குக்கு அளவெடுக்க ஆள் கூப்பிடுகிறார்கள்.

---

அட்டிக்காரன் எழுதியது:

பேலட்கணக்கு சொன்னதில் ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடில்லை. சீனி, மைதா, அரிசி சிப்பம், துவரை மூட்டை. இவை இருபது அயிட்டம்தான் இருக்கும், ஆனால் எடையில் பாதி. இதற்கு எதற்கு ரேக்? 50 கிலோ மூட்டை ஒரு சதுர மீட்டருக்கு வரிசைக்கு இரண்டரை விழும். 12 வரிசை அட்டி (மூட்டை மேல் மூட்டையாக அடுக்குவது) போட்டால் 30 மூட்டை, ஒன்றரை டன். பாதைக்கு மூன்றில் ஒரு பங்கு விட்டாலும் சதுர மீட்டருக்கு ஒரு டன். நான்கு அடுக்கு ரேக்கில் வருவதும் ஏறத்தாழ அதே கணக்குதான். ரேக்குக்கும் ரீச் டிரக்குக்கும் கொடுக்கும் பணம் மிச்சம்.

ஆனால் அட்டியை ஒழுங்காகப் போட வேண்டும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கீழே கட்டைச் சட்டம் அடித்து. சுவரோடு ஒட்டி அட்டி போட்டால் எலி ஓடுவதும் தெரியாது, மழை நாளில் சுவர் ஈரம் மூட்டைக்கு ஏறுவதும் தெரியாது. சீனி அடி மூட்டை கட்டி தட்டிப் போவதற்குப் பாரம் பாதிக் காரணம், தரை ஈரம் பாதிக் காரணம். ஒவ்வொரு மூன்றாவது வரிசையிலும் மூட்டையை மாற்றித் திருப்பிப் பூட்டு போடாமல் நேராக ஏற்றினால் பத்தாவது வரிசையில் அட்டி வயிறு தள்ளும், பிறகு சரியும். பிளாஸ்டிக் நெய்த சாக்கு சணல் சாக்கைவிட வழுக்கும். அதற்கு 12 கூட வேண்டாம், 10 போதும்.

---

பேலட்கணக்கு:

ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. அட்டியில் கடைசியாக வந்த மூட்டைதான் முதலில் வெளியே போகும். அடியில் கிடப்பது ஆறு மாதம் கிடக்கும், மைதாவில் வண்டு விழுவது அங்கிருந்துதான். ஒரே பெரிய அட்டியாகப் போடாமல் ஒரு அயிட்டத்துக்கு இரண்டு சின்ன அட்டி. ஒன்று முழுக்கக் காலியானால்தான் அடுத்ததில் கை வைக்க வேண்டும், காலியான இடத்தில்தான் புதுசு. அட்டியின் முகத்தில் வந்த தேதியைச் சாக்பீஸில் எழுதி வைத்தால் போதும்.

இதனால் ரேக் இடம் 1,500-இலிருந்து 900-1,000க்கு இறங்கும். ரேக்குக்கு மிச்சமாகும் தரை அப்படியே அட்டிக்குப் போகிறது, அதனால் ஷெட் அளவை மட்டும் குறைக்க வேண்டாம்.

இன்னொன்று, ரீச் டிரக்குக்குப் பதில் பேட்டரி ஸ்டாக்கர் (பேலட் தூக்கும் சிறு வண்டி) போதும் என்று விற்பவர் சொல்வார். ஒன்றரை டன் ஸ்டாக்கர் என்பது தரையோரத்துத் திறன். மாஸ்ட் (தூக்கும் கம்பம்) உயர உயரத் தூக்கும் எடை குறையும். உங்கள் மேல் பீம் 4.95 மீட்டரில் இருக்கிறது. அந்த உயரத்தில் எத்தனை கிலோ என்று வண்டியின் தகட்டில் இருக்கும் அட்டவணையைப் பார்த்து, எழுதி வாங்குங்கள். 1,000 கிலோவுக்குக் குறைந்தால் வேண்டாம். ரீச் டிரக்கின் சக்கரம் சிறியது, கெட்டியானது, முற்றத்தில் இறங்காது. டாக்குக்கு 2.5 டன் கை பேலட் டிரக் நான்கு தனியாக வேண்டும்.

---

டாக்லெவல் எழுதியது:

எட்டு ஷட்டரும் ஒரே பக்கம், ஒரே நாலடி உயரம் என்பதுதான் அந்த பிளானிலேயே பெரிய தப்பு. லாரியும் கன்டெய்னரும் தளம் நாலு முதல் நாலரை அடி. 407 மூன்றடிக்கு மேல். ஏஸ் இரண்டரை அடி வாக்கில். நாலடி டாக்கில் ஏஸை ஒட்டினால் ஒன்றரை அடி பள்ளத்தில் குனிந்து அடுக்க வேண்டும். தினமும் 14 வண்டிக்கு இப்படிக் குனிந்தால் லோடுமேன் இடுப்பு என்னாவது, எண்ணெய் டின் நெளியாமல் போகுமா? உங்கள் வண்டிகளை வெறுமையாகவும் பாரத்தோடும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். பட்டை ஸ்பிரிங் அமுங்குவதிலேயே ஒரு வண்டி நாலு விரல்கடை இறங்கும்.

இறக்கும் பக்கம் ஒன்று, ஏற்றும் பக்கம் எதிர்ப்புறம். இறக்கும் பக்கம் நாலடி. ஏற்றும் பக்கம் முற்றத்தை மண் நிரப்பி உயர்த்தி, டாக்கு இரண்டே முக்கால் அடி வருமாறு விடுங்கள். 407-க்கு அது கொஞ்சம் தாழ்வு, ஒரு இரும்புச் சாய்பலகை போதும். தரை ஒன்றே, வெளி முற்றம்தான் ஏறி இறங்குகிறது.

எத்தனை டாக்கு என்பதை ஒரு நாளுக்கு எத்தனை வண்டி என்று பார்க்காமல், ஒரே நேரத்தில் எத்தனை என்று பார்க்க வேண்டும். இறக்குவது நாலே வண்டி, ஆனால் நாலும் காலை பத்திலிருந்து ஒரு மணிக்குள் வந்து நிற்கும். மூட்டை லாரிக்கு ஆறு ஆள் வைத்து இரண்டு மணி நேரம், கன்டெய்னரில் பெட்டி தளர்வாக வந்தால் மூன்று மணி நேரம். மூன்று டாக்கு வேண்டும். கன்டெய்னர் நிற்பதற்கு மட்டும் டாக் லெவலர் (மேடைக்கும் வண்டித் தளத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தைச் சரிசெய்யும் பலகை), மற்றதற்குத் தேவையில்லை.

ஏற்றுவது காலை ஆறிலிருந்து எட்டரைக்குள் 22 வண்டியும் என்றால், வண்டிக்கு 40 நிமிஷம், ஒரு இடத்தில் மூன்று வண்டிதான் முடியும், எட்டு இடம் தேவை. பத்து வண்டியை முந்தின நாள் மாலையே ஏற்றி, உள்ளே நிறுத்திப் பூட்டிவிட்டால் நான்கு இடம் போதும். அதற்காகத்தான் கூரை போட்ட வண்டி நிறுத்தம் வேண்டும், இதை பிளானிலேயே சேர்த்துவிடுங்கள்.

32 அடி வண்டி கேபினோடு 12 மீட்டர். பின்னால் எடுத்து நேராக டாக்கில் ஒட்ட அதன் இரண்டு மடங்கு, 24 மீட்டர் வெறும் முற்றம் வேண்டும். டாக்கிலிருந்து முதல் 12 மீட்டர் கிட்டத்தட்டச் சமம், 100-க்கு ஒன்றரை மட்டும் சுவரை விட்டு வெளியே சரிவு. சுவரை நோக்கிச் சரிவு விட்டால் ஐப்பசி மழையில் டாக்கு குளம். வண்டியின் பின்பக்கமும் மேலே சாய்ந்து சுவரை இடிக்கும். வண்டி மோதும் இடத்தில் ரப்பர் பம்பர் 10 செ.மீ தடிமன். ஷட்டருக்கு மேல் கூரை நீட்டல் குறைந்தது 4 மீட்டர். இல்லையென்றால் மழையில் மைதா இறக்கவே முடியாது.

---

லைன்பில் எழுதியது:

கட்டடம் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். உள்ளே எதை எதன் பக்கத்தில் வைப்பது என்பதிலும் பணம் போகும்.

சோப்பு, ஊதுபத்தி, கொசுவர்த்தி, பினாயில் ஒரு மூலை. டீத்தூள், மைதா, பிஸ்கட் எதிர் மூலை. டீத்தூள் பக்கத்தில் ஊதுபத்தி ஒரு வாரம் இருந்தால் கடைக்காரர் திருப்பி அனுப்புவார். உணவுப் பாதுகாப்பு அதிகாரி வந்தாலும் முதலில் இதைத்தான் பார்ப்பார். தகரக் கூரைக்கு அடியில் மேல் அடுக்கு மே மாதம் அடுப்பு மாதிரி இருக்கும். மேலே சோப்புத்தூள், டிஷ்யூ. கீழே வனஸ்பதி, பிஸ்கட். சாக்லேட்டுக்குத் தனியாக ஒரு சின்ன ஏசி அறை. வெளிச்சத்துக்குப் போடும் பாலிகார்பனேட் ஷீட் ரேக்குக்கு மேல் வராமல் பாதைக்கு மேல் வரட்டும்.

உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால் இன்னொன்று. தீப்பெட்டி பண்டல், கற்பூரம், ஸ்பிரே டப்பா இவை மூன்றையும் தனிச் சுவரெழுப்பிய அறையில், மின்சார போர்டுக்கும் பேட்டரி சார்ஜ் இடத்துக்கும் தூரமாக வையுங்கள். தீபாவளிக்குக் கடைக்காரர் "நாலு பெட்டி பட்டாசும் சேர்த்து அனுப்புங்க" என்பார். ஒரு ராத்திரிகூட அதை அங்கே வைக்கக் கூடாது. அதற்கு வெடிமருந்து உரிமம் உள்ள இடம் வேறு. இங்கே ஒரு பெட்டி இருந்தாலும், தீ விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நீங்களே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

சரக்கெடுப்பது: பில் வாரியாக ஆள் நடந்தால் ஒரே சோப்புப் பெட்டிக்கு நாற்பது தடவை நடப்பார். லைன் வாரியாக மொத்தமாக ஒரு தடவை எடுத்து, ஏற்றும் பக்கத்தில் கடை வாரியாகப் பிரியுங்கள். ஓடும் 160 அயிட்டம் ஏற்றும் டாக்கிலிருந்து முதல் இரண்டு பாதையில், கீழ்த் தளத்தில் எடுக்கும் பேலட், அதன் தலைக்கு மேலேயே அதன் இருப்பு. கீழ்ப் பேலட் காலியாகும் முன் மேலிருந்து இறக்குவதை மதியம் இரண்டு மணிக்கே முடித்துவிட வேண்டும். ஆட்கள் கீழே எடுத்துக்கொண்டிருக்கும்போது அதே பாதையில் ரீச் டிரக் ஓடக் கூடாது.

இடத்துக்குப் பெயர்: வரிசை, கட்டம், அடுக்கு, இடம். 'பி-07-3-2' என்றால் பி வரிசை, ஏழாம் கட்டம், மூன்றாம் அடுக்கு, இரண்டாவது பேலட். அடுக்கு எண்ணைத் தரையிலிருந்து 1 என்று தொடங்குங்கள். சிலர் தரையை 0 என்பார்கள், புது ஆள் குழம்புவார். டாலியில் குடோன், பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் இருக்கிறது, ஆனால் ஆயிரம் இடத்தை அதில் ஓட்டுவது சிரமம். ஸ்கேனரோடு பேசும் சின்ன குடோன் மென்பொருள் ஒன்றை அதோடு இணைத்துக்கொள்ளுங்கள். காலாவதி முந்துவது முதலில் வெளியே போக வேண்டும், வந்த தேதி இரண்டாவதுதான்.

ரிட்டர்ன் சரக்குக்கு வலையடித்துப் பூட்டிய கூண்டு கட்டாயம். உடைந்தது, காலாவதியானது, கம்பெனிக்கு கிளெய்ம் போக வேண்டியது மூன்றும் தனித்தனி. நல்ல சரக்கோடு ஒரு தடவை கலந்தால் அது திரும்பவும் கடைக்குப் போகும்.

---

கிராமநத்தம் எழுதியது:

கட்டுவதற்கு முன் காகிதம். சுருக்கமாக:

பட்டா, வில்லங்கம் மட்டும் போதாது. புல வரைபடத்தில் ஓடை, கண்மாய் வரத்துக் கால்வாய் உங்கள் நிலத்தை ஒட்டியோ குறுக்கேயோ போகிறதா என்று சர்வேயரை வைத்துப் பார்க்க வேண்டும். கரிசல்காட்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் ஓடையைப் பாதை என்று நினைத்து நிரப்பிவிடுவார்கள். விவசாய நிலம் என்றால் நில உபயோக மாற்றம், பிறகு நகர் ஊரமைப்புத் துறை அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று. நால்வழிச் சாலையிலிருந்து நேராக வழி எடுப்பதானால் அதற்குத் தனி அனுமதி. கிராமச் சாலை வழியாக வருவதானால் அதன் அகலத்தையும் வழியில் இருக்கும் சிறு பாலத்தையும் பாருங்கள். 19 டன் ஏற்றிய பத்துச் சக்கர லாரி அதில் தினமும் ஏறி இறங்க வேண்டும்.

ஜிஎஸ்டியில் புது குடோனைக் கூடுதல் வியாபார இடமாக 15 நாளுக்குள் சேர்க்க வேண்டும். உணவு உரிமம் இடத்துக்கு இடம் தனி, பழைய குடோன் உரிமம் இங்கே செல்லாது. பழைய குடோனிலிருந்து மாற்றும்போது ஒரே ஜிஎஸ்டி எண் என்பதால் வரி இல்லை, டெலிவரி சலான் போதும். ஆனால் தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல் மதிப்பானால் இ-வே பில் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், தீ இன்சூரன்ஸ் பாலிசியில் புது முகவரி ஏறிய பிறகே முதல் மூட்டை அங்கே இறங்க வேண்டும். பாங்கில் ஸ்டாக் அடமானம் இருந்தால் அவர்களுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை.

குடியேற ஆடி மாதம் நல்லது, வியாபாரம் மந்தம். ஆயுத பூஜைக்கும் பொங்கலுக்கும் நடுவில் வேண்டாம். வரும் சரக்கை இரண்டு வாரத்துக்கு முன்பே புது இடத்துக்குத் திருப்பிவிட்டால் பழைய குடோன் தானாக வடியும். கடைசியில் மாற்ற வேண்டியது அலமாரி அயிட்டம் மட்டும்தான் இருக்கும்.

---

மண்டித்தெரு:

எல்லோருக்கும் நன்றி. 24,000 சதுர அடி, 26 அடி உயரம், இரண்டு பக்க டாக்கு என்று மாற்றச் சொல்லிவிட்டேன். தரை பற்றி யாரும் சொல்லவில்லை. 150 மி.மீ எம்20 போதாதா? சதுர மீட்டருக்கு 5 டன் தாங்கும் என்கிறார் ஷெட்காரர்.

---

கரிசல்காடு எழுதியது:

சதுர மீட்டருக்கு 5 டன் என்பது அட்டிக்குச் சரி. உங்கள் அட்டி ஒன்றரை டன்தான். ரேக் அப்படிப் பாரத்தைப் பரப்பாது, காலில் குத்தும். தரையில் நிற்கும் பேலட்டை விட்டுவிடுங்கள். மேலே மூன்று அடுக்கு, கட்டத்துக்கு இரண்டு பேலட், பேலட்டுக்கு ஒரு டன் என்றால் ஆறு டன். அது ஒரு சட்டத்தின் இரண்டு காலில் இறங்குகிறது, காலுக்கு 3 டன். முதுகோடு முதுகு நிற்கும் இரண்டு ரேக்கின் பின்கால்கள் (பேலட் காலைத் தாண்டி 10 செ.மீ நீட்டி நிற்பதால்) 40 செ.மீ இடைவெளியில் இருக்கும், அந்த இடத்தில் 6 டன். இதைக் கான்கிரீட்காரரிடம் எழுத்தில் கொடுத்து, கால் பாரத்துக்கு டிசைன் கேளுங்கள். 175 மி.மீ எம்30, கீழே 100 மி.மீ மெலிந்த கான்கிரீட், நடுவில் 250 மைக்ரான் பாலிதீன் ஷீட் என்பது இந்த அளவுக்குப் பொதுவாகப் போடுவது.

ஆனால் உங்கள் இடத்தில் கான்கிரீட்டைவிட அடி மண்தான் பிரச்சினை. கரிசல் மழைக்கு ஊதும், கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். மண் பரிசோதனையில் ஃப்ரீ ஸ்வெல் இண்டெக்ஸ் (மண் தண்ணீரில் எவ்வளவு ஊதும் என்ற அளவு) கேளுங்கள். 50 சதவீதத்துக்கு மேல் வந்தால் அந்த மண்ணின் மேல் நேராகத் தரை போடக் கூடாது. மேல் ஒரு மீட்டரையாவது வெட்டி எடுத்துவிட்டு சரளைக் கிராவல் நிரப்ப வேண்டும். எத்தனை ஆழம் என்பதை பரிசோதனை அறிக்கை சொல்லும். தூண்களுக்கு அடியில் கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரை போக வேண்டும், அது தனிக் கணக்கு.

கணக்குப் போட்டால் அதிர்ச்சியாக இருக்கும். 36க்கு 62 மீட்டரில் நாலடி பிளிந்த் நிரப்ப மட்டும், இறுகிய பிறகு 2,680 கன மீட்டர். தளர்வான மண்ணாக வாங்குவது கால் பங்கு கூடும். யூனிட்டில் (100 கன அடி) சொன்னால் கிட்டத்தட்ட 1,200 யூனிட். கரிசலை வெட்டிய ஒரு மீட்டருக்கு இன்னொரு 1,000 யூனிட். டிப்பருக்கு நாலு யூனிட் என்றால் 550 நடை. ஒவ்வொரு நடைக்கும் கனிமத் துறை நடைச்சீட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வண்டியைப் பிடித்தால் உங்கள் வேலைதான் நிற்கும். வெட்டிய கரிசலை வேலி ஓரத்தில் கொட்டலாம், முற்றத்துக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

நிரப்புவதை 20 செ.மீ அடுக்காகப் பரப்பி, தண்ணீர் விட்டு, அதிர்வு ரோலர் ஓட்டி, அடுக்குக்கு அடுக்கு இறுக்கம் சோதிக்க வேண்டும், 95 சதவீதம் வர வேண்டும். நாலடியையும் ஒரே மூச்சில் கொட்டி மேலே மட்டும் ரோலர் ஓட்டினால் மேல் அரையடிதான் இறுகும். முதல் மழை முடிந்து ரேக் ஏறியதும் தரை நடுவில் குழியும். ரேக் ஒரு விரல்கடை சாய்ந்தால் மேல் பீம் உயரத்தில் ரீச் டிரக் முள் பேலட்டுக்குள் நேராக நுழையாது. இதுதான் கடைசியில் தெரியும் அறிகுறி, அப்போது செய்ய ஒன்றும் இருக்காது.

கான்கிரீட் போடும் அன்று இரண்டைக் கவனியுங்கள். மிக்சர் லாரி டிரைவர் குழாயைத் திறந்து தண்ணீர் கூட்டினால் எம்30 அங்கேயே போய்விடும். ஆள் ஒருவரை அதற்கென்றே நிறுத்துங்கள். இரண்டாவது, 4.5 மீட்டருக்கு மிகாத கட்டமாகக் கட்டர் வெட்டு, 50 மி.மீ ஆழம், மறுநாள் காலைக்குள். ஞாயிற்றுக்கிழமை கட்டர்காரர் வரவில்லை என்று திங்கள்வரை விட்டால் தரை தன் இஷ்டத்துக்கு வெடித்துக்கொள்ளும். வெற்றிட முறையில் தண்ணீர் உறிஞ்சும் டிரிமிக்ஸ், மேலே சதுர மீட்டருக்கு 4-5 கிலோ ஹார்ட்னர் தூவித் தேய்ப்பது. பத்து நாளாவது தண்ணீர் கட்டி வையுங்கள். 28 நாளுக்கு முன் ரேக் ஆங்கர் அடிக்க விடாதீர்கள்.

வெட்டு எங்கே வருகிறது, ரேக் கால் எங்கே வருகிறது என்று இரண்டு வரைபடத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். கால் வெட்டிலிருந்து குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். ரீச் டிரக் கடக்கும் வெட்டில் சாதாரண பிட்டுமின் அடைக்காமல் கெட்டி எபாக்சி அடையுங்கள், அந்தச் சின்னச் சக்கரம் விளிம்பைத் தின்றுவிடும்.

---

மண்டித்தெரு:

550 நடை என்பதைப் பார்த்துத்தான் தலை சுற்றுகிறது. ஏற்றும் பக்க முற்றத்தையும் உயர்த்த வேண்டும் என்றாரே டாக்லெவல், அதற்கு இன்னும் மண் ஆகுமே?

---

டாக்லெவல்:

ஆகும். அந்தப் பக்கம் முற்றம் ஒன்றேகால் அடி ஏற வேண்டும். அதற்கு பதில் இப்படிச் செய்யலாம்: லெவல் எடுத்துப் பாருங்கள், நிலமே ஒரு பக்கம் ஓரடி ஒன்றரை அடி உயர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை ஏற்றும் பக்கமாக வைத்தால் வேலை பாதி. லெவல் எடுப்பதற்கு முன் ஷெட்டின் திசையை முடிவு செய்யாதீர்கள்.

---

கரிசல்காடு:

சரிதான். ஆனால் உயர்ந்த பக்கத்திலிருந்து மழைத் தண்ணீர் ஷெட்டை நோக்கி வரும், அந்த முற்றத்துக்கும் டாக்குக்கும் நடுவில் மூடியிட்ட வாய்க்கால் ஒன்று குறுக்கே போட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மூடி லாரி சக்கரம் தாங்கும் வார்ப்பிரும்பாக இருக்கட்டும், கடப்பா கல் வேண்டாம்.